பல ரகப் பூண்டு: விதைப் பல்லில் தொடங்கி விற்பனைப் பை வரை ஒரு முழு வழிகாட்டி

பத்து சென்ட், இருபது சென்ட் போன்ற சிறு நிலத்தில் நான்கைந்து ரகப் பூண்டை நட்டு, ஒவ்வொன்றையும் அதன் பெயர் சொல்லி விற்க நினைப்பவர்களுக்காக எழுதியது இது. ஒரே ரகத்தை மூட்டை மூட்டையாகப் போட்டு மண்டியில் இறக்குவது வேறு தொழில். அதற்கான கணக்கு இங்கே பொருந்தாது.

பூண்டு நடவில் புதியவர்கள் தடுமாறும் இடங்கள் மூன்று: விதைக் கணக்கு, அறுவடை நாள், காயவைப்பு. நடுவில் உள்ள நான்கைந்து மாதம் ஓரளவு தானாகவே ஓடிவிடும். அதனால் அந்த மூன்றுக்கும் இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

1. விற்பனையை முதலில் முடிவு செய்யுங்கள்

நடுவதற்கு முன்பே மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும். சமையலுக்கு விற்கிறீர்களா, விதைக்கு விற்கிறீர்களா? அறுவடை முடிந்ததும் ஒரே மாதத்தில் தீர்க்கப் போகிறீர்களா, எட்டு மாதம் வைத்து வைத்து விற்கப் போகிறீர்களா? வாங்குபவர் கிலோவில் வாங்குபவரா, ரகத்தைத் தேடி வருபவரா?

இந்தப் பதில்கள்தான் எந்த ரகம், எத்தனை பாத்தி என்பதைத் தீர்மானிக்கும். நான்கு மாதத்துக்கு மேல் தாங்காத ரகத்தை நிலம் முழுக்கப் போட்டுவிட்டு மெதுவாக விற்றுக்கொள்ளலாம் என்று இருந்தால், பாதி சரக்கு முளைவிட்டு நிற்கும். எட்டு மாதம் தாங்கும் ரகத்தை மட்டும் போட்டால், அறுவடைக் காலத்தில் புதுப்பூண்டு கேட்டு வருபவரிடம் கொடுக்க ஒன்றும் இருக்காது.

2. ரகத் தேர்வு: தண்டு, பல், தாங்கும் காலம்

பூண்டு ரகங்களை முதலில் இரண்டாகப் பிரிப்பார்கள். ஹார்ட்நெக் ரகங்களில் நடுவில் கெட்டியான பூந்தண்டு வரும். பற்கள் அதைச் சுற்றி ஒரே வட்டமாக நிற்கும். பல் பெரிதாக இருக்கும், எண்ணிக்கை குறைவு. சாஃப்ட்நெக் ரகங்களில் பெரும்பாலும் பூந்தண்டு வராது. பற்கள் இரண்டு மூன்று அடுக்காக இருக்கும். உள் அடுக்கில் உள்ளவை சிறுத்திருக்கும். கழுத்து மென்மையானதால் சடை பின்னலாம்.

இவற்றுக்குள் சிறு பண்ணைக்குப் பழக்கமான குழுக்கள் சில.

போர்சிலின்: ஒரு பூண்டில் நான்கு முதல் ஆறு பல். பல் மிகப் பெரியது. உரிக்கச் சுலபம் என்பதால் வாங்குபவருக்குப் பிடிக்கும். ஆறு முதல் எட்டு மாதம் தாங்கும். ஆனால் விதைச் செலவு அதிகம்.

ராக்கம்போல்: எட்டு முதல் பன்னிரண்டு பல். தோல் தளர்வாக இருக்கும். சுவைக்காகத் தேடி வருவார்கள். நான்கைந்து மாதத்தில் தீர்த்துவிட வேண்டும். குளிர் நன்றாக இல்லாத இடத்தில் இது ஏமாற்றும்.

பர்ப்பிள் ஸ்ட்ரைப்: தோலில் ஊதா வரி. கடையில் கண்ணைப் பறிக்கும். சுட்டுச் சாப்பிடுபவர்கள் விரும்புவார்கள்.

டர்பன்: எல்லாவற்றுக்கும் முன்னால் அறுவடைக்கு வரும். தாங்கும் காலம் மிகக் குறைவு. புதுப்பூண்டு என்று முதலில் கடைக்குக் கொண்டுபோக இதைவிடப் பொருத்தமானது இல்லை.

ஆர்டிசோக்: சாஃப்ட்நெக். பன்னிரண்டு முதல் இருபது பல். மண்ணும் வானிலையும் சற்று மோசமாக இருந்தாலும் விளைச்சல் கொடுக்கும். முதல் வருடம் நடுபவருக்கு இதுவே பாதுகாப்பு.

சில்வர்ஸ்கின்: சாஃப்ட்நெக். கடைசியாக முதிரும், நன்றாகக் காயவைத்தால் ஒன்பது மாதத்துக்கு மேலும் தாங்கும். சடைப் பின்னலுக்கு இதுதான்.

முதல் பருவத்தில் மூன்று ரகத்துக்கு மேல் வேண்டாம். சீக்கிரம் முதிர்வது ஒன்று, நடுவில் ஒன்று, நீண்ட நாள் தாங்குவது ஒன்று. பத்து ரகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி நடுபவர்கள், அறுவடைக் கொட்டகையில் எது எது என்று தெரியாமல் எல்லாவற்றையும் கலந்து சாதாரணப் பூண்டாக விற்பதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம்.

உங்கள் இடத்தின் குளிரும் பகல் நீளமும் இந்தப் பட்டியலை இன்னும் சுருக்கும். பூண்டு பல்லாகப் பிரிய முதலில் குளிர் வேண்டும். பிறகு பகல் நீள வேண்டும். குளிர் போதாவிட்டால் பல் பிரியாமல் வெங்காயம் போல ஒற்றை உருண்டையாக நின்றுவிடும். ஹார்ட்நெக் ரகங்களுக்குக் குளிர்த் தேவை அதிகம். எனவே விதை விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது சுவையைப் பற்றி அல்ல, அந்த ரகம் உங்களைப் போன்ற தட்பவெப்பத்தில் எத்தனை பருவமாக விளைகிறது என்பதை.

3. விதைக் கணக்கு

பூண்டில் விதை என்பது விற்கக்கூடிய சரக்கேதான். அதனால் இங்கே கணக்கு தப்பினால் இரு பக்கமும் நட்டம்.

நூறு சதுர மீட்டரை, பத்துக்குப் பத்து என்று எடுத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் அகலப் பாத்தி, நடுவில் நாற்பது செ.மீ. நடைபாதை. ஏழு பாத்தி வரும். ஒவ்வொன்றிலும் 25 செ.மீ. இடைவெளியில் நான்கு வரிசை. வரிசைக்குள் பல்லுக்குப் பல் 15 செ.மீ. மொத்தம் சுமார் 1,850 பல்.

ஒரு பல் சராசரியாக 5 கிராம் என்றால் நடவுக்கு மட்டும் ஒன்பதேகால் கிலோ. கழிக்கும் சின்னப் பல், தோல், கெட்டது எல்லாம் சேர்த்து 11 முதல் 12 கிலோ முழுப்பூண்டு வாங்க வேண்டும். போர்சிலின் போல 10 கிராம் பல் உள்ள ரகமானால் இது அப்படியே இரட்டிப்பாகும்.

பத்தில் ஒரு பங்கு வீணாகி, மீதி தலைக்கு 45 கிராம் தேறினால், காய்ந்த எடையில் 75 கிலோ கிடைக்கும். இதில் அடுத்த பருவத்துக்கு 12 கிலோவை ஒதுக்க வேண்டும். உடைந்தது, நசுங்கியது என்று ஒரு எட்டு கிலோ போனால், விற்பனைக்கு வருவது 55 கிலோ. எல்லாச் செலவையும் இந்த 55ஆல் வகுக்க வேண்டும். 75ஆல் வகுத்து விலை போடுபவர்கள் முதல் வருடத்திலேயே கையைக் கடித்துக்கொள்கிறார்கள்.

4. விதைப்பூண்டு வாங்குதல்

கடைப்பூண்டை நடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். முளைக்கும்தான். ஆனால் அது எந்த ரகம், எந்தத் தட்பவெப்பத்தில் விளைந்தது, முளைவிடாமல் இருக்க ஏதாவது செய்திருக்கிறார்களா என்று எதுவும் தெரியாது. அதோடு வரும் நோய் உங்கள் நிலத்திலேயே தங்கிவிடும்.

வந்த விதையை அப்படியே நட்டுவிடாதீர்கள். மூட்டைக்கு நான்கைந்து பூண்டை எடுத்துப் பிரித்துப் பாருங்கள்.

வேர்த்தட்டு, அதாவது பூண்டின் அடியில் வேர் கிளம்பும் தட்டு, கெட்டியாக இருக்கிறதா என்று கட்டைவிரலால் அழுத்துங்கள். தட்டு தனியாகக் கழன்று வந்தாலோ, அடிப்பகுதி உப்பிப் பஞ்சுபோல் இருந்தாலோ தண்டு நூற்புழு இருக்கக்கூடும். காய்ந்த பூண்டுக்குள் அந்தப் புழு ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பற்களுக்கு நடுவில் நீலப்பச்சைப் பூஞ்சணம் தெரிந்தால் அது சேமிப்பில் வந்த நோய். அந்தப் பூண்டுகளை மட்டும் கழித்தால் போதும். வேர்த்தட்டு பழுப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ அழுகியிருந்தால் ஃபுசேரியம் என்ற பூஞ்சை நோய். வெள்ளைப் பஞ்சுக்குள் கசகசா அளவில் கருப்பு மணிகள் இருந்தால் வெள்ளை அழுகல். இந்தக் கடைசி ஒன்றைக் கண்டால் மொத்த மூட்டையையும் திருப்பி அனுப்புங்கள். அந்தக் கருப்பு மணிகள் மண்ணில் இருபது ஆண்டுக்கு மேல் காத்திருக்கும். ஒருமுறை நிலத்தில் இறங்கிவிட்டால் அந்த இடத்தில் பூண்டும் இல்லை, வெங்காயமும் இல்லை.

புது இடத்திலிருந்து வாங்கிய விதையை முதல் பருவம் தனிப் பாத்தியில், மற்றவற்றிலிருந்து தள்ளி நடுவது நல்லது. அதற்கென்று தனி மண்வெட்டி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

5. குளிர் காட்டுதல்

நடவுக்குப் பிறகு ஒன்றரை இரண்டு மாதமாவது குளிர் கிடைக்கும் இடத்தில் இந்தப் படி தேவையில்லை. மிதமான குளிர் மட்டுமே உள்ள இடத்தில், முழுப்பூண்டை வலைப்பையிலோ காகிதப்பையிலோ போட்டு 5 முதல் 10 டிகிரி செல்சியஸில் ஆறு முதல் எட்டு வாரம் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

அளவும் முக்கியம். 5 டிகிரிக்குக் கீழே நீண்ட நாள் வைத்தால் பயிர் முன்கூட்டியே முதிர்ந்து, பக்கக் கிளைகள் விட்டுக் கோணல்மாணலான பூண்டு வரும். 18 டிகிரிக்கு மேலேயே கிடந்த விதை தாமதமாக முளைத்துத் தாமதமாக முதிரும். குளிரிலிருந்து எடுத்த விதையை வெப்பத்தில் போட்டு வைக்காமல் உடனே நட வேண்டும். தாமதித்தால் பெற்ற குளிர்ச்சியின் பலன் குறைந்துவிடும்.

6. நிலம் தயாரித்தல்

மூன்று நான்கு ஆண்டுகளாகப் பூண்டு, வெங்காயம் போன்ற எதுவும் போடாத இடம். நல்ல வடிகால். கார அமிலத் தன்மை 6 முதல் 7க்குள். நீர் தேங்கும் மண் என்றால் 15 முதல் 20 செ.மீ. உயரத்துக்கு மேட்டுப்பாத்தி அவசியம்.

நன்கு மட்கிய தொழு உரம் நூறு சதுர மீட்டருக்கு 200 முதல் 300 கிலோ. பச்சைச் சாணம் கூடாது. அதில் களை விதையும் வரும், வேர்த்தட்டும் அழுகும். மணிச்சத்தும் சாம்பல்சத்தும் மண் பரிசோதனை பார்த்து அடியுரமாகவே போட்டுவிடுங்கள். பின்னால் மேலே தூவினால் அவை வேருக்கு இறங்காது.

களையை நடவுக்கு முன்பே அடக்க வேண்டும். பாத்தியை நனைத்து, முளைக்கும் களையை மேலோட்டமாகக் கொத்தி எடுத்து, மறுபடி ஒருமுறை அதையே செய்துவிட்டு நடுங்கள். பூண்டின் இலை குறுகலானது, நிழல் விழாது, களையை அதனால் அமுக்க முடியாது.

7. பல் பிரித்தல், நடவு, பெயர்ப்பலகை

நடவுக்கு முந்தைய நாளோ அன்றோதான் பல் பிரிக்க வேண்டும். பிரித்து வாரக்கணக்கில் வைத்தால் வேர்த்தட்டு காய்ந்து, வேர்விடுவது தாமதமாகும். கையிலிருந்து கைக்கு நீலப் பூஞ்சணமும் பரவும். பிரிக்கும்போது பல்லின் தோல் உரியக் கூடாது. உரிந்ததைச் சமையலுக்கு எடுத்து வையுங்கள்.

பெரிய பல், நடுத்தரப் பல், சின்னப் பல் என்று மூன்றாகப் பிரியுங்கள். பெரிய பல் பெரிய பூண்டைத் தரும். நடுத்தரப் பல்லைத் தனி வரிசையில் நடலாம். சாஃப்ட்நெக்கின் நடுவில் உள்ள மெல்லிய பற்களைப் பிரதானப் பாத்தியில் நடாதீர்கள். பாத்தி ஓரத்தில் நெருக்கமாகப் போட்டு இளம்பூண்டாகப் பிடுங்கித் தாளோடு விற்கலாம்.

கூர் முனை மேலே, வேர்த்தட்டு கீழே. தலைகீழாக நட்டாலும் முளைக்கும், ஆனால் கழுத்து வளைந்து பூண்டு கோணலாகும். பல்லின் நுனிக்கு மேல் 3 முதல் 5 செ.மீ. மண், உறைபனி வரும் இடத்தில் 5 முதல் 8. பல்லைக் கையால் அழுத்திச் செருகாமல், குழி போட்டு வைத்து மூடுங்கள். கெட்டி மண்ணில் செருகினால் வேர்த்தட்டு நசுங்கும். சில நேரம் வேர்விடும்போது பல்லே மேலே எழும்பி வந்துவிடும்.

இனி பெயர்ப்பலகை. இதைச் சோம்பலில் விடுபவர்கள்தான் அதிகம். ரகங்களை முதிரும் வரிசையில், சீக்கிரம் முதிர்வதிலிருந்து கடைசியாக முதிர்வது வரை, பாத்தி வாரியாக நடுங்கள். இரு ரகத்துக்கு நடுவே அரை மீட்டராவது காலி விடுங்கள். பாத்தியின் இரு முனையிலும் பலகை. பலகையில் பென்சிலால் எழுதுங்கள். மார்க்கர் மை வெயிலில் இரண்டு மூன்று மாதத்தில் வெளுத்துப்போகும், பென்சில் கரி போகாது. இதற்கு மேல், நோட்டில் ஒரு வரைபடம்: எந்தப் பாத்தி, எந்த ரகம், எத்தனை பல், எந்தத் தேதி. பலகையை மாடு தின்றாலும் நோட்டு இருக்கும்.

8. மூடாக்கு, நீர், தழைச்சத்து

நட்டவுடன் 8 முதல் 10 செ.மீ. கனத்துக்கு வைக்கோல் மூடாக்கு. முளை அதைத் துளைத்து வந்துவிடும். மழை அதிகம் உள்ள, ஈரம் காயாத மண்ணில் முளை வந்த பிறகு மூடாக்கைக் குறைத்துவிடுங்கள்.

வேர் ஆழமாகப் போகாது. அதனால் ஒரேயடியாகப் பாய்ச்சி இரண்டு வாரம் விடுவதைவிட, வாரத்துக்கு மழையோடு சேர்த்து சுமார் 25 மி.மீ. கிடைக்கும்படி அளவாகக் கொடுப்பது சரி. குமிழ் (மண்ணுக்குள் திரளும் முழுப்பூண்டு) கட்டும் காலத்தில் ஒருமுறை நன்றாகக் காய்ந்து பிறகு வெள்ளமாகப் பாய்ந்தால் தோல் வெடிக்கும். அறுவடைக்கு இரண்டு மூன்று வாரம் முன்பு நீரை நிறுத்த வேண்டும். ஈர மண்ணில் முதிரும் பூண்டின் வெளித்தோல் கறைபட்டு அழுகி, உள்ளே பல் தெரியும்.

தழைச்சத்து, நூறு சதுர மீட்டருக்கு மொத்தம் ஒரு கிலோ போதும். யூரியாவில் சொன்னால் இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். தொழு உரம் தாராளமாகப் போட்டிருந்தால் இதிலும் குறைக்கலாம். மூன்றில் ஒரு பங்கு நடவில். மீதியை இலை வளரும் காலத்தில் இரண்டு தவணையாக.

ஒவ்வொரு இலையும் பின்னால் குமிழைச் சுற்றும் ஒரு தோல். எனவே குமிழ் கட்டுவதற்கு முன் எத்தனை இலை, எவ்வளவு தடிமன் என்பதே விளைச்சல். குமிழ் திரளத் தொடங்கிய பிறகு தழைச்சத்து போட்டால் பல்லிலிருந்தே பக்க இலைகள் கிளம்பும். அது விற்கவும் ஆகாது, வைக்கவும் ஆகாது. ஆள் வைத்து உரம் போடுபவர்கள் “இன்னொரு கை போட்டால் பெருக்குமே” என்பார்கள். கேட்காதீர்கள்.

9. பூந்தண்டை வெட்டுதல்

ஹார்ட்நெக் ரகங்களில் நடுவிலிருந்து உருண்டையான தண்டு கிளம்பி வளையும். ஒரு முழுச் சுருள் வந்ததும், மேல் இலைக்குச் சற்று மேலே வெட்டிவிடுங்கள். விட்டுவைத்தால் செடியின் சத்து மேலே போய்க் குமிழ் சிறுக்கும். இளம் தண்டு மொறுமொறுப்பாக, பூண்டு மணத்தோடு இருக்கும். கட்டுக் கட்டி விற்றால் அறுவடைக்கு ஒரு மாதம் முன்பே கையில் காசு வரும். தண்டு நிமிர்ந்துவிட்டால் நாராகிவிடும், யாரும் வாங்க மாட்டார்கள்.

வெயில் ஏறிய பிறகு, காய்ந்த நேரத்தில் வெட்டுங்கள். ஈரத்தில் வெட்டினால் வெட்டுவாய் வழியாக நோய் இறங்கும்.

ரகத்துக்கு நான்கைந்து செடியில் மட்டும் தண்டை விட்டுவைக்கலாம். மேலே வரும் குட்டிப் பற்கள் மண்ணைத் தொடாதவை. மண்வழி நோய் அவற்றில் மிகக் குறைவு. ஒரு ரகத்தைச் சுத்தமாகப் புதுப்பிக்க அது வழி. முழு அளவுப் பூண்டாக வர இரண்டு மூன்று பருவம் ஆகும் என்பதால் பொறுமை வேண்டும். வைரஸ் மட்டும் இதிலும் தொடர்ந்து வரும்.

10. பயிரில் கவனிக்க வேண்டியவை

இலைப்பேன் நடு இலைகளின் இடுக்கில் ஒளிந்திருக்கும். இலையில் வெள்ளிப் பூச்சு போலக் கோடுகள் விழும். வறண்ட வெயிலில் அதிகம். நீர் சரியாகக் கிடைக்கும் பயிர் தாங்கிக்கொள்ளும். ஈர வானிலையில் இலையில் ஊதா நடுவுள்ள நீள்வட்டப் புள்ளி வந்தால் ஊதாக் கறை நோய். ஆரஞ்சுத் தூள் ஒட்டினால் துரு. இரண்டுக்கும் காற்றோட்டம் குறைந்த நெருக்க நடவே இடம் கொடுக்கிறது.

தனித்தனிச் செடிகள் மட்டும் மஞ்சளாகிச் சாய்ந்தால் உடனே பிடுங்கி அடியைப் பாருங்கள். பாத்தியே ஒரே சீராக மஞ்சளாவது பெரும்பாலும் தழைச்சத்துக் குறை, அல்லது நீர்த் தேக்கம். திட்டுத் திட்டாக மஞ்சளாவது மண்வழி நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். நோய்ச் செடியைக் குப்பைக் குழியில் போடாதீர்கள்; அது அடுத்த வருடம் உரமாகத் திரும்பி வரும்.

11. அறுவடை நாளைக் கண்டுபிடித்தல்

நாட்காட்டி உதவாது. இலையைப் பாருங்கள்.

கீழிருந்து இலைகள் காய்ந்துகொண்டே வரும். மொத்த இலையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை காய்ந்து, மேலே ஐந்தாறு இலை பச்சையாக நிற்கும்போது தோண்டத் தொடங்கலாம். மேலே பச்சையாக உள்ள இலை ஒவ்வொன்றும் குமிழைச் சுற்றி அழுகாமல் உள்ள ஒரு தோல். எல்லா இலையும் காயட்டும் என்று வெங்காயத்துக்குச் செய்வதுபோல் காத்திருந்தால் தோலே இல்லாமல் பல் பல்லாக மண்ணுக்குள் பிரிந்து கிடக்கும்.

சந்தேகம் இருந்தால் ஒவ்வொரு ரகத்திலும் இரண்டு மூன்றைத் தோண்டி, நடுவில் குறுக்காக வெட்டிப் பாருங்கள். பற்கள் தோலை நிறைத்து உருண்டிருக்க வேண்டும். ஹார்ட்நெக்கில் பல்லுக்கும் நடுத்தண்டுக்கும் இடையே லேசான இடைவெளி விழத் தொடங்கியிருக்கும். பற்கள் இன்னும் தட்டையாக, தோல் தடித்து ஈரமாக இருந்தால் ஒரு வாரம் பொறுங்கள்.

இலையைப் பிடித்து இழுக்காதீர்கள், கழுத்து முறியும். முறிந்த கழுத்து வழியாக அழுகல் இறங்கும். முள்கரண்டி மண்வெட்டியைச் செடிக்குப் பத்து செ.மீ. தள்ளி இறக்கி, மண்ணைத் தளர்த்திவிட்டு எடுங்கள். மண்ணை உதற ஒன்றோடொன்று தட்டும் பழக்கம் பலருக்கு உண்டு. தட்டிய இடம் அன்று ஒன்றும் தெரியாது. இரண்டு மாதம் கழித்து அதே இடத்தில் பழுப்புக் குழி விழும்.

தோண்டியதை வெயிலில் பரப்ப வேண்டாம். நேர் வெயில் பட்டால் பல் வெந்து, பிறகு மெழுகுபோல் மஞ்சளாகி ஒட்டும். கழுவவும் வேண்டாம். ஒரு ரகத்தை முழுதாகத் தோண்டி, கட்டி, அட்டை கட்டி, கொட்டகைக்குக் கொண்டுபோன பிறகே அடுத்த ரகத்தைத் தொடுங்கள்.

12. காயவைத்தல்

இலையும் வேரும் இருக்கும்படியே, பத்துப் பதினைந்தாகக் கட்டி நிழலில் தொங்கவிடுங்கள், அல்லது கம்பிவலைத் தட்டில் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். ஒவ்வொரு கட்டிலும் ரக அட்டை. கட்டுக்குக் கட்டு நடுவில் கை நுழைய வேண்டும்.

25 முதல் 30 டிகிரி வெப்பம், ஓடும் காற்று, இரண்டு முதல் நான்கு வாரம். காற்று இல்லாவிட்டால் மின்விசிறி வையுங்கள். ஈரமான பருவத்தில் முதல் ஐந்தாறு நாள் விசிறி இரவும் பகலும் ஓட வேண்டும். பூஞ்சணம் பிடிப்பது அந்த நாட்களில்தான். தகரக் கூரைக்கு நேர் கீழே தொங்கவிட்டால் மதியத்தில் சூடு ஏறி, வெயிலில் போட்டதற்குச் சமமாகிவிடும்.

காய்ந்ததா என்று அறிய ஒன்றை எடுத்து, குமிழுக்கு மேலே மூன்று செ.மீ. விட்டுக் கழுத்தை வெட்டுங்கள். வெட்டிய இடத்தை விரலால் அழுத்தினால் ஈரம் கசியக் கூடாது, பச்சை நிறமும் தெரியக் கூடாது. தடித்த தண்டுள்ள ஹார்ட்நெக் கடைசியாகக் காயும். வெளித்தோல் சலசலக்கிறது என்பதை மட்டும் நம்பி மூட்டை கட்டினால், கழுத்தில் உள்ள ஈரம் மூட்டைக்குள் இறங்கும்.

13. துப்புரவும் தரம் பிரித்தலும்

கழுத்தை 2 முதல் 3 செ.மீ. விட்டு வெட்டுங்கள். வேரை அரை செ.மீ.க்கு ஒட்ட நறுக்குங்கள். வேர்த்தட்டில் கத்தி படக் கூடாது. அழுக்கான வெளித்தோல் ஒன்றை மட்டும் உரியுங்கள். பளிச்சென்று தெரிய மூன்று தோலை உரிப்பவர்கள் சரக்கின் ஆயுளில் மாதங்களை உரித்துப் போடுகிறார்கள்.

பலகையில் 4, 5, 6 செ.மீ. வட்ட ஓட்டை போட்டு வைத்துக்கொண்டால் தரம் பிரிப்பது வேகமாக நடக்கும். ஒவ்வொரு குமிழையும் கையில் அழுத்திப் பாருங்கள். மென்மையாக அமுங்குவது, பல் விலகியது, மண்வெட்டி பட்டது எல்லாம் ‘உடனே’ கூடைக்கு, அதாவது சேமிக்காமல் உடனே தீர்க்க வேண்டியவற்றுக்கான கூடைக்கு.

14. விதையை முதலில் ஒதுக்குங்கள்

வாங்குபவர் வருவதற்கு முன்பே இது முடிந்திருக்க வேண்டும். கடை விரித்த பிறகு பெரிய பூண்டு எதுவும் மிஞ்சாது.

ஒவ்வொரு ரகத்திலும் பெரிய, உருவம் சரியான, நோய் தெரியாத பாத்தியிலிருந்து வந்த குமிழ்களை எடுங்கள். எத்தனை என்பது பல்லைப் பொறுத்தது. மறுபடி 1,850 பல் நட, பூண்டுக்கு ஐந்து பல் தரும் போர்சிலினில் 370 வேண்டும். அது விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். ஒன்பது நல்ல பல் தேறும் ஆர்டிசோக்கில் 205 போதும். கெடுவதற்கு ஈடாகப் பத்து சதவீதம் கூட்டி எடுங்கள்.

சின்னதை விதைக்கு வைத்துப் பெரியதை விற்றால் இரண்டு மூன்று பருவத்தில் மொத்தமும் சிறுத்துவிடும். பிறகு ‘ரகம் தேய்ந்துவிட்டது’ என்று புது விதைக்குச் செலவு செய்வார்கள்.

15. சேமிப்பும் விற்கும் வரிசையும்

வலைப்பையில், தரையில் படாமல், இருட்டான காற்றோட்டமான இடத்தில். ஈரப்பதம் 60 முதல் 70 சதவீதத்துக்குள். அறை வெப்பம் சரி. வசதி இருந்தால் 0 டிகிரி மிக நல்லது. ஆனால் நடுவில் உள்ள 5 முதல் 10 டிகிரியில், அதாவது சாதாரணக் குளிர்சாதனப் பெட்டியை ஒட்டிய குளிரில் வைத்தால், அது நடவுக்குக் குளிர் காட்டியதற்குச் சமம். வெளியே வந்ததும் முளைக்கும்.

விற்கும் வரிசையைத் தாங்கும் காலமே தீர்மானிக்கட்டும். டர்பன் முதலில், பிறகு ராக்கம்போல், பிறகு பர்ப்பிள் ஸ்ட்ரைப், அதன்பின் போர்சிலினும் ஆர்டிசோக்கும், கடைசியில் சில்வர்ஸ்கின். நன்றாகப் போகிறது என்று சில்வர்ஸ்கின்னை முதல் மாதமே விற்றுத் தீர்த்தால், பின்னால் கையில் முளைவிட்ட ராக்கம்போல் மட்டும் இருக்கும். மாதம் ஒருமுறை பைகளைக் கொட்டி, ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துக் கழியுங்கள்.

16. விற்பனை

ரகம் தெரியாமல் வாங்குபவர் விலையைப் பார்ப்பார். ரகம் தெரிந்து வாங்குபவர் அடுத்த வருடமும் வருவார். எனவே பையில் ரகப் பெயர், அறுவடை மாதம், எதற்கு ஏற்றது, எந்த மாதம் வரை தாங்கும் ஆகிய நான்கும் இருக்கட்டும். பச்சையாகத் தின்னக் காரமானது, சுட்டால் இனிப்பது என்பதுபோல நேராக எழுதுங்கள். மருந்து போல நோய் தீர்க்கும் என்று எழுத வேண்டாம். பல இடங்களில் அது சட்டச் சிக்கல்.

மூன்று ரகத்தில் இரண்டிரண்டு பூண்டு வைத்த சிறு பை, புதியவரை இழுக்கும் வழி. அதில் எது பிடித்தது என்று சொல்லி ஆட்கள் திரும்பி வருவார்கள். நடுத்தர அளவைக் கிலோவில் உணவகங்களுக்குக் கொடுக்கலாம். அவர்களுக்கு உருவத்தைவிடச் சீரான வரத்தும் உரிக்கும் சுலபமும் முக்கியம். எத்தனை வாரம் எவ்வளவு தர முடியும் என்பதைக் கையிருப்பை எண்ணிய பிறகே சொல்லுங்கள்.

சடைப் பின்னலுக்குச் சாஃப்ட்நெக்கை இலை முழுவதும் காய்ந்து முறுக்காவதற்கு முன், கொஞ்சம் வளையும் பதத்திலேயே பின்ன வேண்டும். பின்னிய பிறகு மறுபடி தொங்கவிட்டுக் காயவைக்க வேண்டும்.

விதையாக விற்றால் விலை கூடுதல், பொறுப்பும் கூடுதல். நோய் கண்ட பாத்தியிலிருந்து ஒன்றைக்கூட விதையாக விற்காதீர்கள். நூற்புழுவுக்கு ஆய்வகச் சோதனை செய்து முடிவைக் காட்ட முடிந்தால் நல்லது. எல்லை தாண்டி அனுப்பும் முன் அங்குள்ள தாவர நோய்த்தடுப்பு விதியைப் பாருங்கள். சில பகுதிகள் வெளியிலிருந்து வரும் பூண்டு விதையை அனுமதிப்பதில்லை.

‘உடனே’ கூடையில் சேர்ந்ததை வாரத்துக்குள் தீர்க்க வேண்டும். மூன்று மி.மீ. சீவல்களாக வெட்டி 50 முதல் 60 டிகிரியில், மடித்தால் ஒடியும் வரை உலர்த்தினால் பொடிக்கு ஆகும். உலர்ந்து ஆறிய உடனே காற்றுப் புகாத டப்பாவில் அடைக்காவிட்டால் ஈரம் இழுத்துக் கட்டியாகும். பச்சைப் பூண்டை எண்ணெயில் போட்டுப் புட்டியில் அடைத்து மட்டும் விற்காதீர்கள். காற்றில்லாத எண்ணெய்க்குள் பாட்டுலிசம் கிருமி வளர்ந்து, மணத்திலோ நிறத்திலோ எதுவும் காட்டாமல் உயிரைப் பறிக்கும் நஞ்சை உண்டாக்கும். சோதிக்கப்பட்ட அமில முறையும், உணவுத் துறை அனுமதியும் இல்லாமல் அந்தப் பக்கம் போக வேண்டாம்.